கையால் தைக்கும் குவில்ட்டில் நூல் முனைகளைக் கட்டி மறைப்பது எப்படி?

மேல்துணி, நடுவே பஞ்சு அடுக்கு, கீழே அடித்துணி ஆகிய மூன்றையும் சிறு சிறு ஓட்டுத்தையலால் ஒன்றாகப் பிணைப்பதுதான் குவில்ட் வேலை. சட்டையோ பாவாடையோ தைக்கும்போது நூல் தீர்ந்தால் துணியைத் திருப்பி, உட்புறத்தில் ஒரு முடிச்சைப் போட்டு அறுத்துவிடலாம். அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. குவில்ட்டுக்கு அப்படி ஓர் உட்புறம் கிடையாது. மேல்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, அடிப்பக்கம் போர்த்திக்கொள்பவரின் உடம்பில் படுகிறது, விரிக்கும்போது எந்தப் பக்கம் மேலே வரும் என்பதும் வீட்டாரின் விருப்பத்தைப் பொறுத்தது. நூலின் தொடக்கமும் முடிவும் மறைந்துகொள்ள எஞ்சியிருக்கும் இடம் நடுவிலுள்ள பஞ்சு ஒன்றே.

அந்தப் பஞ்சுக்குள் முடிச்சைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலும் அங்கேயே இருத்துவதிலும்தான் இந்த வேலையின் நுட்பம் இருக்கிறது. துணியின் இழைகளை ஒரு தடவை விலக்கிக்கொண்டு உள்ளே நுழையும் அளவுக்கு முடிச்சு சிறியதாக இருக்க வேண்டும். விலகிய இழைகள் மறுபடி கூடிய பின் வெளியே வர முடியாத அளவுக்குப் பெரியதாகவும் இருக்க வேண்டும். எத்தனை சுற்று, எவ்வளவு நீளம், எந்த ஊசி என்று கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த ஒரு தேவையிலிருந்து பிறப்பவையே. உங்கள் துணியும் பஞ்சும் வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

நூலும் ஊசியும்

கையால் குவில்ட் தைப்பதற்கென்றே விற்கப்படும் பருத்தி நூல் மெருகு பூசப்பட்டுச் சற்று விறைப்பாக இருக்கும். அது கிடைக்காவிட்டால் நல்ல பருத்தித் தையல் நூலைத் தேன்மெழுகுக் கட்டியின் மேல் ஓரிரு முறை இழுத்து, விரலிடுக்கில் உருவிவிட்டுப் பயன்படுத்தலாம். பாலியஸ்டர் நூல் அறுபடாது என்று பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் அது வழவழப்பானது, பஞ்சின் பிடி அதற்குக் குறைவு என்பதால் முனைகளை நிறுத்துவதற்குப் பருத்தியே மேல்.

ஒரு தடவைக்கு எடுக்கும் நூல் ஒரு முழம், அதாவது சுமார் 45 செ.மீ. இருந்தால் போதும். முடிச்சுகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று இரண்டு முழம் எடுப்பவர்கள் உண்டு. மூன்று அடுக்குகளின் வழியே திரும்பத் திரும்ப இழுபடும் நூல் பாதி வரிக்குள் பிசிறு விட்டு மெலிந்துபோகும், மெலிந்த நூலில் போடும் கடைசி முடிச்சு நிற்காது. நூற்கண்டிலிருந்து முதலில் வெளிவந்த முனையை ஊசிக் காதில் கோத்து, கண்டின் பக்கம் வெட்டிய முனையில் முடிச்சுப் போட்டால் சிக்கு குறைகிறது என்பது தைப்பவர்களின் அனுபவம்.

ஊசியைப் பொறுத்தவரை, ‘பிட்வீன்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் குட்டையான ஊசிகளே இந்த வேலைக்கு உரியவை. 8 முதல் 12 வரை எண்கள் இருக்கும். எண் கூடக்கூட ஊசி சிறியதாகும். புதிதாகத் தொடங்குபவருக்கு 9 அல்லது 10 பொருந்தும். தையல் சிறியதாக வருவதற்காகத்தான் குட்டை ஊசி என்று பொதுவாகச் சொல்வார்கள். முனைகளை மறைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு: மெல்லிய ஊசி இடும் துளை சிறியது, ஆகவே உள்ளே போன முடிச்சு அந்தத் துளை வழியே திரும்பி வருவதில்லை. பெரிய துணித் தையல் ஊசியால் குத்திவிட்டு, முடிச்சு நிற்கவில்லை என்று நூலைக் குறை சொல்வதில் பயனில்லை.

தொடக்க முடிச்சு

விரலில் நூலைச் சுற்றி உருட்டிப் போடும் வழக்கமான முடிச்சு ஒரு தடவை பெரியதாகவும் மறு தடவை சிறியதாகவும் வரும். குவில்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே பருமனில் வரும் முடிச்சு தேவை. அதற்கு ஊசியின் மேலேயே சுற்றும் முறை இருக்கிறது. நூல் கோத்த ஊசியை வலது கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே, முனை மேல்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். நூலின் வால்முனையை ஊசியின் மேல் கிடத்தி, ஊசியோடு சேர்த்து அதே விரல்களால் அழுத்திக்கொள்ளுங்கள். வால்முனைக்கு அருகிலிருக்கும் நூலை இடது கையால் எடுத்து ஊசி முனையைச் சுற்றி மூன்று முறை நெருக்கமாகச் சுற்றி, அந்தச் சுற்றுகளையும் வலது கை விரல்களுக்குள் வாங்கிக்கொண்டு, இடது கையால் ஊசியை மேலே உருவுங்கள். விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்தாமல் நூல் முழுவதும் போகும்வரை இழுத்தால், சுற்றுகள் ஊசிக் காதைத் தாண்டி நூலின் கடைசிக்கு இறங்கி, கடுகளவு முடிச்சாக இறுகும். இடது கைப் பழக்கமுள்ளவர்கள் கைகளை மாற்றி வாசித்துக்கொள்ளலாம். முடிச்சுக்கு அப்பால் தொங்கும் வாலை அரை செ.மீ. விட்டு வெட்டிவிடுங்கள், ஒட்ட வெட்டினால் முடிச்சு அவிழும், நீளமாக விட்டால் முடிச்சு உள்ளே போன பின்னும் வால் வெளியே நிற்கும்.

மூன்று சுற்று என்பது சாதாரண நெசவுள்ள பருத்தித் துணிக்கும் குவில்ட் நூலுக்கும் உரிய கணக்கு. பாட்டிக் போன்ற நெருக்கமான நெசவுள்ள துணியில் இரண்டு சுற்றே போதும். மூன்று சுற்று முடிச்சை அதற்குள் வலிந்து இழுத்தால் துணியின் இழை அறுந்து ஓட்டை நிற்கும். தளர்வான கைத்தறியிலும் ‘வாயில்’ (voile) எனப்படும் மெல்லிய துணியிலும் நான்கு சுற்று வரை தேவைப்படலாம். பெரிய தையல் போடுவதற்குப் பயன்படும் 8ஆம் எண் பெர்ல் பருத்தி நூல் தன்னளவிலேயே தடித்தது. அதற்கு ஒன்று அல்லது இரண்டு சுற்று. அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்த துண்டு ஒன்றை ஓரமாக வைத்துக்கொண்டு, அதில் சுற்றுகளின் எண்ணிக்கையைச் சோதித்துப் பார்த்துவிட்டு விரிப்பில் கை வைப்பது நல்லது.

முடிச்சை உள்ளே இறக்குதல்

தையல் தொடங்க வேண்டிய புள்ளியிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளி, மேல்துணியில் ஊசியைச் செலுத்துங்கள். ஊசி ஏறத்தாழப் படுத்த நிலையில், மேல்துணிக்குக் கீழே பஞ்சுக்குள் மட்டுமே ஓட வேண்டும். அடித்துணியைத் தொடக் கூடாது. அடியில் இருக்கும் கையின் விரல்நுனியில் ஊசி படுகிறதா என்று கவனித்தால் இது தெரிந்துவிடும். தொடங்கும் புள்ளியில் ஊசியை வெளியே எடுத்து, முடிச்சு துணியின் மேல் வந்து தடைபடும்வரை நூலை இழுங்கள்.

எந்தத் திசையில் தள்ளி நுழைவது என்பதில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, தைக்க வேண்டிய கோட்டுக்கு வெளியே எங்காவது நுழைவது. மற்றொன்று, இனி தைக்கப்போகும் கோட்டின் மேலேயே முன்னால் நுழைந்து, பின்னோக்கித் தொடக்கப் புள்ளிக்கு வருவது. இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். முடிச்சும் வாலும் அந்தக் கோட்டின் கீழேயே கிடப்பதால், பிறகு போடும் ஏழெட்டுத் தையல்கள் அவற்றின் மேலேறி அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. முடிச்சு நெகிழ்ந்தாலும் நூல் உருவி வராது. இதில் ஒரு குறையும் உண்டு: வாலின் இழைகளை ஊசி துளைத்துவிட்டால், பின்னால் அந்த வரியைப் பிரிக்க நேரும்போது நூலை எளிதாக உருவ முடியாது. வரி சரியாக வருமா என்ற ஐயம் இருக்கும் இடத்தில் முதல் முறையையே கொள்ளலாம்.

இப்போது முடிச்சை இறக்க வேண்டும். நுழைந்த இடத்துக்கு அருகே மேல்துணியை இடது கட்டைவிரலால் இலேசாக அழுத்திக்கொண்டு, நூலைத் துணிக்கு இணையாகப் படுக்கவைத்து, விட்டுவிட்டு மெல்ல இழுங்கள். சிறு ‘டக்’ என்ற ஓசையோடு முடிச்சு உள்ளே போவதை விரல் உணரும். அந்தக் கணமே இழுப்பதை நிறுத்த வேண்டும். இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் முடிச்சு பஞ்சைக் கடந்து தொடக்கப் புள்ளி வழியாக வெளியே வந்துவிடும். தைக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்கும் வளையச் சட்டத்தில் துணி மத்தளத் தோல்போல விறைப்பாக இருந்தால் முடிச்சு அடம்பிடிக்கும், பிறகு திடீரென்று பாய்ந்து மறுபக்கம் வரும். சட்டத்தின் திருகைச் சற்றுத் தளர்த்திவிட்டு இழுப்பது இதற்கு மருந்து. அப்படியும் போகாத முடிச்சை, ஊசி முனையால் அந்த இடத்து இழைகளைச் சற்று விலக்கிக் கொடுத்து உள்ளே அனுப்பலாம்.

முடிச்சு போன இடத்தில் இழைகள் விலகி ஒரு சிறு வாய் திறந்திருக்கும். அதை அப்படியே விடாமல், நகத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து மூடுங்கள். மூடாத துளை வழியாகத்தான் பஞ்சின் நார்கள் வெளியே கசிகின்றன. கறுப்பு அல்லது கருநீலத் துணியில் அவை வெள்ளைப் பூஞ்சை படர்ந்தாற்போலத் தெரியும். பாலியஸ்டர் பஞ்சில் இந்தத் தொல்லை கூடுதல்.

முதல் தையலை அதே இடத்தில் ஒரு சிறு பின்தையலாகப் போட்டுவிட்டு ஓட்டுத்தையலைத் தொடங்குவோரும் உண்டு. அது பிடியைக் கூட்டுகிறது. ஆனால் அடிப்பக்கத்தில் அந்தத் தையல் மற்றவற்றைவிட நீளமாகத் தெரியும். பருத்திப் பஞ்சாக இருந்தால் முடிச்சே போதும். வழுக்கும் பாலியஸ்டர் பஞ்சுக்குப் பின்தையலைச் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு.

முடிவு முடிச்சு

தொடக்கத்தைவிட முடிவே கடினம். தைக்கத் தெரிந்தவர்களும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஊசியில் 15 செ.மீ. நூல் எஞ்சியிருக்கும்போதே வரியை நிறுத்திவிட வேண்டும். நூல் மேல்பக்கம் வெளிவந்திருக்கும் நிலையில், கடைசித் தையலின் அடுத்த பாதி இன்னும் போடப்படாமல் இருக்கும்போது நிறுத்துவது முக்கியம், ஏனென்றால் அந்தப் பாதித் தையலோடுதான் முடிச்சு உள்ளே போகப்போகிறது.

நூலால் ஒரு கண்ணியை உருவாக்கி, ஊசியை அதன் வழியே இரண்டு முறை நுழைத்து, முடிச்சை இறுக்காமல் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். ஊசி முனையைக் கண்ணிக்குள் விட்டு, துணியிலிருந்து சுமார் 5 மி.மீ. தூரத்தில் நூலின் மேல் ஊன்றிப் பிடித்தபடி கண்ணியைச் சுருக்கினால், முடிச்சு அந்த இடத்திலேயே இறுகும். இந்த 5 மி.மீ. கணக்குக்குக் காரணம் இருக்கிறது. உங்கள் தையல் ஒன்றின் நீளம் 3 மி.மீ. என்றால், நூல் அந்த 3 மி.மீ. தூரத்தை மேல்பக்கத்தில் கடந்து, பிறகு துணிக்குக் கீழே பஞ்சுக்குள் ஏறக்குறைய 2 மி.மீ. இறங்க வேண்டும். முடிச்சு இதைவிடத் தள்ளி இருந்தால் கடைசித் தையல் தொளதொளவென்று நிற்கும்; கிட்ட இருந்தால் தையல் சுருங்கித் துணி குழியும், அல்லது முடிச்சு மேலேயே உட்கார்ந்துவிடும். தையல் நீளம் கூடினால் இந்தத் தூரமும் அதற்கேற்பக் கூட வேண்டும்.

முடிச்சு அமைந்த பின், கடைசித் தையல் முடிய வேண்டிய புள்ளியில் ஊசியை நுழைத்து, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் இடையே பஞ்சுக்குள் 2 முதல் 3 செ.மீ. ஓட்டி, தள்ளி ஓரிடத்தில் மேலே எடுங்கள். தைத்து வந்த கோட்டின் கீழேயே பின்னோக்கி ஓட்டினால் வால் அங்கேயும் தையல்களுக்கு அடியில் அடங்கும். நூலை இழுத்து, முடிச்சு துணியைத் தொட்டதும் தொடக்கத்தில் செய்ததுபோலவே மெல்ல உள்ளே இறக்குங்கள்.

வாலை வெட்டுவதில் கை நடுங்கக் கூடாது. நூலைச் சற்று இழுத்துப் பிடித்து, கத்தரிக்கோலின் அலகைத் துணிக்குச் செங்குத்தாக நிறுத்தாமல் படுக்கவைத்து, துணியை ஒட்டி வெட்டுங்கள். இழுப்பு விட்டதும் வால் தானாக உள்ளே சுருங்கிக்கொள்ளும். ஒரு துளி நூல் தலைநீட்டிக்கொண்டிருந்தால் மறுபடி வெட்டப் போக வேண்டாம். குவில்ட்டில் விழும் கத்தரிக் காயங்களில் பல இந்த இரண்டாவது வெட்டில் நேர்பவை. அந்த இடத்துத் துணியை இரு விரல்களால் கிள்ளிச் சற்றுத் தூக்கி அசைத்தால் அல்லது ஊசியின் மழுங்கிய பக்கத்தால் நீவினால் அது மறைந்துவிடும்.

முடிச்சே இல்லாமல்

தடித்த பெர்ல் நூலில் முடிச்சு போட்டால், அது உள்ளே போனாலும் மெல்லிய பஞ்சில் மேடாகத் தட்டுப்படும். அங்கே முடிச்சைத் தவிர்ப்பதே முறை. கடைசித் தையலின் மேல் ஒரு சிறு பின்தையல் போட்டு, பிறகு ஊசியைப் பஞ்சுக்குள் நுழைத்து, தைத்து முடித்த வரியின் அடியில் ஒரு தையலுக்கு இடப்புறம், அடுத்ததற்கு வலப்புறம் என்று வளைந்து வளைந்து ஐந்தாறு தையல் தூரம் பின்னோக்கி வந்து வெளியே எடுத்து வெட்டுங்கள். ஜப்பானின் சாஷிகோ தையலிலும் முடிச்சைத் தவிர்த்து, முன்பு போட்ட சில தையல்களின் மேலேயே மறுபடி தைத்து நூலை நிறுத்தும் பழக்கம் இருக்கிறது. தடித்த நூலுக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது.

நீண்ட வரிகளுக்கு இன்னொரு சிக்கனமான வழி உண்டு. இரண்டு முழ நூலை எடுத்து, முடிச்சுப் போடாமல் வரியின் நடுவில் ஊசியை நுழைத்து, பாதி நூலை மட்டும் இழுத்துக்கொண்டு ஒரு பக்கமாகத் தைத்துப் போங்கள். அது முடிந்ததும் விட்டுவைத்த மறுபாதியில் ஊசியைக் கோத்து எதிர்ப்பக்கமாகத் தைக்கலாம். ஒரு தொடக்க முடிச்சு முழுதாக மிச்சம். ஒவ்வொரு பாதியும் ஒரு முழமே என்பதால் நூல் மெலியும் சிக்கலும் இல்லை.

வரிக்கு வரி தாவும்போது

ஒரு பூவிதழ் முடிந்து அடுத்த இதழ் 2 செ.மீ. தூரத்தில் தொடங்கினால் நூலை அறுக்க வேண்டியதில்லை. பஞ்சுக்குள்ளேயே ஊசியை ஓட்டி அங்கே எடுக்கலாம். தூரம் ஊசியின் நீளத்தைவிடக் கூடுதலாக இருந்தால், ஊசி முனையை மட்டும் வெளியே எடுத்து, காதுப் பக்கம் பஞ்சுக்குள் இருக்கும்படியே ஊசியைத் திருப்பி, காது முன்னே போகுமாறு வேண்டிய திசையில் தள்ளி, பிறகு மறுபடி திருப்பி முனையை வெளியே எடுக்கலாம். 5 செ.மீ.க்கு மேல் இப்படிப் போகாதீர்கள். நீளமாகக் கிடக்கும் நூல் எந்தத் தையலாலும் பிடிக்கப்படாமல் இருக்கும். விரிப்பை இழுக்கும்போது அது இறுகி இரு பக்கத்துத் தையலையும் சுருக்கும்.

நிறமும் இங்கே பார்க்கப்பட வேண்டும். வெள்ளைத் துணிக்கடியில் கிடக்கும் சிவப்பு நூலின் வால் வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும். மேல்துணி பல துண்டுகளை இணைத்துத் தைத்ததாக இருந்தால், வாலை அடர்நிறத் துண்டின் கீழே கொண்டுபோய் முடிக்கலாம், அல்லது துண்டுகள் சேரும் இணைப்புத் தையலின் பள்ளத்தில் வெளியே எடுத்து வெட்டலாம். அந்தப் பள்ளத்தில் எந்த நிற முனையும் கண்ணில் படாது. குவில்ட் போட்டிகளில் நடுவர்கள் விரிப்பைத் திருப்பிப் பார்ப்பதும், நிழல் விழும் நூலுக்கும் வெளியே தெரியும் முடிச்சுக்கும் குறை சொல்வதும் வழக்கம். வீட்டு உபயோகத்துக்கு அவ்வளவு கடுமை வேண்டாம் என்றாலும், குழந்தையின் விரல் மாட்டும்படி எந்த முனையும் நிற்கக் கூடாது.

ஓரத்தில் வந்து முடியும் வரிகளுக்கு இத்தனை பாடு தேவையில்லை, அங்கே ஓரப்பட்டி எல்லாவற்றையும் மூடிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பட்டி தைப்பதற்கு முன் விரிப்பின் ஓரத்தைச் சமமாக வெட்டுவோம். வெட்டுக்கோட்டுக்கு அப்பால் முடிச்சை வைத்திருந்தால் அது வெட்டுண்டு போய், வரி உருவத் தொடங்கும். வெட்டுக்கோட்டுக்கு உள்ளே, பட்டி மூடும் 6 மி.மீ. அகலத்துக்குள் இரண்டு பின்தையல் போட்டு நிறுத்துங்கள்.

நூல் குட்டையாகிவிட்டால்

முடிச்சுப் போட இயலாத அளவு நூல் குறைந்துபோனால், நான்கைந்து தையல்களைப் பிரித்து நீளத்தை மீட்பதே நேர்வழி. முடிச்சை இறக்கியாகிவிட்டது, வாலை மட்டும்தான் பஞ்சுக்குள் ஓட்ட வேண்டும், ஆனால் நூல் ஊசியைவிடக் குட்டை என்றால் வேறு உபாயம் இருக்கிறது. நூலை ஊசியிலிருந்து கழற்றிவிட்டு, வெறும் ஊசியை நூல் நிற்கும் துளையிலேயே நுழைத்துப் பஞ்சுக்குள் ஓட்டி, காது மட்டும் வெளியே நிற்கும் நிலையில் நிறுத்துங்கள். பிறகு அந்தக் காதில் குட்டை நூலைக் கோத்து, ஊசியை இழுத்தால் நூல் கூடவே உள்ளே போய்விடும்.

பஞ்சு வைக்காத விரிப்புகளில்

வங்காளத்துக் காந்தாவில் பழைய பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைப்பார்கள்; தையலுக்கு வேண்டிய வண்ண நூலையும் புடவைக் கரையிலிருந்து உருவி எடுப்பது அங்கே பழைய வழக்கம். பழைய நூல் புடவைகளை அடுக்கிக் குழந்தைக்கு விரிப்புத் தைக்கும் நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். இங்கே முடிச்சைக் கவ்விக்கொள்ள நார்கள் இல்லை, அடுக்குகளுக்கு இடையே வெறும் இடைவெளிதான் இருக்கிறது. ஆகவே முடிச்சை முதல் அடுக்குக்குக் கீழே இறக்கிய பின், உள் அடுக்கின் சில இழைகளை மட்டும் ஊசியால் பற்றி, மேலும் கீழும் தெரியாதபடி இரண்டு சிறு பின்தையல் போட்டு வரியைத் தொடங்குங்கள்; முடிக்கும்போதும் அவ்வாறே செய்யுங்கள். பலமுறை துவைத்து மெலிந்த புடவைத் துணி முடிச்சின் இழுப்பைத் தாங்காது என்பதால் இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம்.

முதல் சலவைக்குப் பின்

பருத்திப் பஞ்சு முதல் சலவையில் சுமார் 3 முதல் 5 சதவீதம் சுருங்கி, துணியோடும் நூலோடும் நெருங்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு முனைகள் வெளியே வருவது அரிது. ஆனால் அந்த முதல் சலவையின்போதே சரியாக இறங்காத சில முனைகள் தலைகாட்டும். விரிப்பை நிழலில் உலர்த்திய பின் மேசையில் பரப்பி, உள்ளங்கையால் இரு பக்கமும் நீவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் முனை கையில் தட்டுப்படும். வெளியே வந்திருப்பது வெறும் வால் என்றால், மேலே சொன்ன வெறும் ஊசி முறையில் அதை உள்ளே இழுத்துவிடலாம். முடிச்சே வெளியே வந்திருந்தால் அதை வெட்டாதீர்கள், வெட்டினால் அந்த வரி முழுவதும் பிடியை இழக்கும். ஊசி முனையால் முடிச்சுக்கு அடியிலுள்ள இழைகளைச் சற்று விலக்கி, முடிச்சை உள்ளே தள்ளி, மேலே புது நூலால் அந்தக் கோட்டின் மூன்று நான்கு தையல்களை அதே துளைகளின் வழியே மறுபடி போட்டு, புது நூலின் இரு முனைகளையும் முடிச்சில்லாமல் பஞ்சுக்குள் வளைத்து ஓட்டி முடியுங்கள்.